பின்னால் வந்தவள்

தோப்பூர்
12.02.2024

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் சஜீத் மச்சானும் இன்ஷிராக் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வாய் மட்டும் கூடிவிட்டது என்று உம்மா சொல்கிறார். அவருக்குப் பிரஷர் பரவாயில்லை. உங்கள் இடது தோள் உளைவு எப்படி? பள்ளிக்கூடப் பை தூக்கி வந்த உளைவு என்பீர்களே, அந்தப் பைக்குள் புத்தகம்தான் வைத்தீர்களா, அம்மிக்கல்லா?

போன் இருக்கும்போது இவளுக்கு ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போன் அடித்தால் உம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்துவிடுகிறார். நீங்களோ எதைக் கேட்டாலும் சிரித்து, "பிள்ளை அழுறாள், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் சிரித்துத் தப்ப ஏலாது. பக்கத்து வீட்டு அஸாம் நானா லீவு முடிந்து டோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். திருகோணமலையில், உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய களஞ்சியத்தை வெள்ளையடித்து ஓவியக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். "தாயும் நிலமும்" என்று பெயர். எங்களுக்கு ஓவியம் படிப்பித்த சிவகாமிப்பிள்ளை டீச்சர்தான் நடத்துகிறார். பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு படம். அதில் நானும் ஒருத்தி! ஒவ்வொரு படத்தையும் வரைந்தவளின் தாய்தான் சீலையை இழுத்துத் திறக்க வேண்டும். உம்மாவிடம் சொன்னேன். "நான் என்னத்த உடுக்கிற?" என்று கேட்டார். அப்படியென்றால் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

நான் வரையப் போவது 2006இல் சண்டைக்குள் இங்கிருந்து கந்தளாய்க்கு நடந்த நடையை. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. எனக்கு நாலு வயது, நல்ல காய்ச்சல். ஒரு தோளில் முகத்தைப் புதைத்துக் கிடந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். கன்னத்தில் ஒரு நீலத் துணி, அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. எங்கள் வீட்டு விதைநெல் மூட்டையின் வாயை உம்மா ஒவ்வொரு வருசமும் ஒரு நீலத் துணிக் கீலத்தால் கட்டுகிறாரே, அதே துணி. ஒற்றைப் பெண், தோளில் காய்ச்சல்காரப் பிள்ளை, இரண்டு பக்கமும் வயல். என்னைச் சுமந்த உம்மாவுக்கு நான் வேறு எதைத் திருப்பிக் கொடுக்க?

முகம் வரைய மாட்டேன். தொழுகிற வீட்டில் உயிருள்ளதன் முகத்தை வைக்க வேண்டாம் என்று உம்மா சொல்லிவிட்டார். முதுகுப் பக்கம் மட்டும்தான்.

உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லாம் ஞாபகம் இருக்கும். எழுதுங்கள்.

இப்படிக்கு உங்கள் அன்புத் தங்கச்சி,
ஜுமானா


டோஹா
06.03.2024

அன்பின் ஜுமானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் மூவரும் நலம். இன்ஷிராவுக்கு இரண்டு பல் வந்துவிட்டது, அதை வைத்து என் விரலைச் சோதித்துப் பார்க்கிறாள். தோள் அப்படியேதான் இருக்கிறது. உம்மாவுக்கு உப்பைக் குறைத்துக் கொடு.

கண்காட்சிச் செய்தியைக் கேட்டுப் பெருமையாக இருந்தது. சஜீத் தன் வேலையிட நண்பர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "என்ர மச்சினி ஆர்ட்டிஸ்ட்" என்று அவர் சொல்லும்போது நீ ஏதோ பெரிய மாளிகையில் இருப்பவள் போல இருக்கிறது.

ஆனால் அந்த நடை எதற்கு? எங்கள் புளியடி வட்டை வயலில் உம்மா நாற்றுப் பிடுங்குவதை வரை. வரம்பில் தலைக்குச் சீலையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே, அதுவும் முதுகுப் பக்கம்தான். பார்க்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். பழைய வழியைத் தோண்டி என்ன வரப் போகிறது? எனக்கு அதிகம் ஞாபகமில்லை. வெயில். சனம். அவ்வளவுதான்.

நோன்பு வருகிறது. உம்மாவை மருந்து போடாமல் நோன்பு பிடிக்க விடாதே.

அன்புடன்,
றஹ்மா ராத்தா


தோப்பூர்
16.04.2024

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகப் போனது. நீங்கள் அனுப்பிய உடுப்பு எனக்கு அளவு, உம்மாவுக்குக் கொஞ்சம் தொளதொளப்பு. அங்கே எல்லாரும் சுகம்தானே? இன்ஷிராவின் பல் இப்போது எத்தனை? உம்மா போனில் அவளைப் பார்த்துவிட்டு, "இவள ஒருக்காத் தூக்கிப் பார்க்கணும்" என்று அடிக்கடி சொல்கிறார். பிறந்து பத்து மாதமாகியும் அந்தக் கைக்குள் வரவில்லையே.

உங்கள் சொல்லைக் கேட்கவில்லை. அந்த நடையைத்தான் வரைந்தேன். நோன்பு முழுக்க மத்தியானங்களில், நெல் மூட்டை அறைக்குள் இருந்து வரைந்து முடித்தேன். நாலடி உயரம். கிளிவெட்டிப் பக்கத்துப் பாதை. இரண்டு பக்கமும் சிறுபோக வெள்ளாமை விளைந்து சாய்ந்து கிடக்கிறது, வெட்ட ஆளில்லை. நடுவில் உம்மா. நீலச் சாறியில் வெள்ளைப் பூ. தோளில் நான், முகம் தெரியாமல்.

பெருநாளுக்கு மறுநாள் உம்மாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். முதலில் நெல்லைத்தான் பார்த்தார். "கதிர் சாஞ்சிருக்கிறது சரி" என்றார். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பிறகு கிட்டப் போய், அந்த நீலத்துக்கு முன்னால் அப்படியே நின்றார்.

"இந்தத் துணி எங்கால வந்த?"

"உங்கட சாறிதானே உம்மா. மூட்டை கட்டுற கீலம்."

தேத்தண்ணி போடுகிறேன் என்று உம்மா குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கேத்தில் கருகிய மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது. உம்மா அடுப்பைப் பார்த்தபடியே நிற்கிறார். கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து சொன்னார்: "நான் திறப்பு விழாவுக்கு வரல்ல மகள். வேற ஆரையும் கூட்டிட்டுப் போ."

ராத்தா, நான் என்ன பிழை விட்டேன்? முகம்கூட வரையவில்லையே. இது உம்மாவுக்காக வரைந்த படம். அவர் திறக்காவிட்டால் அதை அங்கே கொண்டுபோய் மாட்டுவதில் எனக்கு என்ன சந்தோசம்? அவரிடம் கேட்டால் வாயைத் திறக்கிறாரில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ஆகஸ்ட் கடைசியில் திறப்பு விழா.

குழப்பத்துடன்,
ஜுமானா


டோஹா
19.05.2024

அன்பின் ஜுமானாவுக்கு,

ஸலாம். நலம். பிள்ளைக்குத் தடிமன், இப்போது குறைந்துவிட்டது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே.

உம்மாவை நெருக்காதே. படம் நல்ல படமாகத்தான் இருக்கும். அந்தத் துணியை மட்டும் மாற்று. பச்சையோ மஞ்சளோ வேறு ஏதாவது நிறம் போடு. பூ வேண்டாம். பிறகு உம்மா வருவார்.

றஹ்மா


தோப்பூர்
08.06.2024

ராத்தாவுக்கு,

ஸலாம் சொல்கிறேன், சுகம் விசாரிக்கிறேன், இரண்டையும் கோபத்தோடுதான் செய்கிறேன்.

ஒரு மாதம் வைத்திருந்து ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள். அதிலும் என்ன எழுதியிருக்கிறீர்கள்? துணியை மாற்று! உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் உம்மாவும் அதையேதான் சொன்னார். "படம் இருக்கட்டும். துணிய மாத்து." நீங்கள் இரண்டு பேரும் போனில் கதைப்பதெல்லாம் எனக்குத் தெரியும். "சாப்பிட்டீங்களா? சாப்பிட்டம். வெயிலா? வெயில்தான்." அதற்கு மேல் ஒரு சொல் போகாது. அப்படியிருக்க இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல் எப்படி வந்தது?

நான் சின்னப்பிள்ளை இல்லை. சிலதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உம்மம்மா உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் புளியடி வட்டை. முறைப்படி மூத்த மகளுக்குத்தான் வர வேண்டும். உங்கள் கலியாணப் பேச்சில் உம்மா அதைத் தந்தபோது, எல்லாருக்கும் முன்னால், "எனக்கு அந்த வயல் வேணாம், தங்கச்சிக்குக் குடுங்க" என்றீர்கள். ராத்தாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நான் அன்று அழுதேன். உம்மாவும் அழுதார். அவர் அழுதது வேறு எதற்கோ என்று இப்போது படுகிறது.

தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெற வேண்டும். உம்மா உங்களுக்காக அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் வாங்கி வைத்தார். நீங்கள் டிக்கட் கிடைக்கவில்லை என்றீர்கள். அந்தப் பாய் இன்னும் அலுமாரிக்கு மேலே சுருட்டியபடி இருக்கிறது, ராத்தா.

நீலத் துணியை மாற்ற மாட்டேன். எனக்கு அந்த நடையில் ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டு நான் என்னத்தை வரைய?

என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

ஜுமானா


தோப்பூர்
10.07.2024

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமா?

பதில் இல்லை. போனிலும் பிள்ளையைக் காட்டிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். திறப்பு விழாவைப் செப்டம்பர் 14க்குப் பிற்போட்டிருக்கிறார்கள். உம்மாவை நான் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அவர்தான் தபால்காரர் போனதும் வாசலுக்கு வந்து, "டோஹாவில இருந்து ஒண்டும் வரல்லயா?" என்று கேட்கிறார். வரவில்லை என்றால், "வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.

கோபத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள். ஆனால் எழுதியதை மாற்றவில்லை.

ஜுமானா


டோஹா
27.07.2024

அன்பின் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் உம்மாவையும் அல்லாஹ் நல்லபடி வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதை வாசித்துவிட்டு உம்மாமேல் கோபப்பட மாட்டாய் என்று எனக்கு வாக்குத் தர வேண்டும். கோபப்பட வேண்டிய அளவுக்கு நான் ஒருத்தியே பட்டு முடித்துவிட்டேன்.

அந்த நீலத் துணி உம்மாவின் சாறி இல்லை. அது என் சட்டை. அதற்கு முந்திய பெருநாளுக்கு உம்மா தைத்துத் தந்தது. அந்த வழி முழுக்க உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான்.

உம்மா விதைநெல்லைத் தூக்கினார். ஒரு புசல், இருபது கிலோவுக்கு மேல், சாக்கில் கட்டி, தலையில். நாங்கள் வெளிக்கிடும்போது வெள்ளாமை வெட்ட இரண்டு கிழமைதான் இருந்தது. அது போனது போனதுதான் என்று உம்மாவுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் இருந்தது பெரும்போகத்துக்கு என்று எடுத்து வைத்த விதைநெல் மட்டும். அவர் உன்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "றஹ்மா, தங்கச்சியத் தூக்கு" என்றார். நான் அந்த மூட்டையைத் தூக்கி நடக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். உன்னைத் தூக்கி நடந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

நடந்தேன். உன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வலது தோளில் போட்டால் நழுவினாய், இடது தோளில்தான் ஒட்டிக்கொண்டு கிடந்தாய். பள்ளிக்கூடப் பை என்று நான் சொன்னதெல்லாம் பொய். கிளிவெட்டிக்குக் கிட்ட வரும்போது எனக்கு ஏலாமல் போய்விட்டது. "உம்மா, கை உளையுது. கொஞ்சம் பிடிங்க" என்றேன். அவர் நிற்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகக் கேட்டேன். நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் அவரிடம் எதையும் கேட்கவில்லை, ஜுமானா. வயலையும் கேட்கவில்லை, பிள்ளைப்பேற்றுக்கு வரட்டுமா என்றும் கேட்கவில்லை.

நெல்லைத் தூக்கியவருக்குப் பிள்ளையைத் தூக்க ஏலாமல் போனதே என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். அந்த வயலைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு வேண்டாம் என்று சொன்னது உன்மேல் உள்ள பாசத்தால் இல்லை. அதற்காகவும் என்னை மன்னி.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாங்கள் திரும்பி வந்த வருசம் வட்டையில் பாதி வயல் தரிசாகக் கிடந்தது. உம்மா மட்டும் விதைத்தார். மாசியில் புது அரிசிச் சோறு. முதல் பிடி எப்போதும் வீட்டின் கடைசிப் பிள்ளைக்குத்தானே? நீ வாயைத் திறந்துகொண்டு இருந்தாய். உம்மா அந்தப் பிடியை என் வாயில் வைத்தார். நீ கத்திக் குளறினாய். நான் அதை மென்று விழுங்கினேன். நான் கேட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பதினேழு வருசம் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

துணியை மாற்றச் சொன்னது இதனால்தான். உம்மாவை அந்த நீலத்துக்கு முன்னால் நிறுத்தாதே. அவர் செய்யாததற்குச் சனம் கைதட்டும். அவரால் அதைத் தாங்க ஏலாது.

றஹ்மா


தோப்பூர்
11.08.2024

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தோளுக்குத்தான் முதல் ஸலாம்.

கடிதத்தை வரம்பில் இருந்து வாசித்தேன். வாசித்துவிட்டு வீட்டுக்கு வர மனமில்லாமல் பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தேன். கோபப்பட மாட்டேன் என்று வாக்குத் தருகிறேன். ஆரில் கோபப்பட? ஒருத்தி நான் பிழைக்க என்னைத் தூக்கினாள், மற்றவர் நான் தின்ன நெல்லைத் தூக்கினார். தூக்கப்பட்டவள் பெரிய ஆர்ட்டிஸ்ட் மாதிரி ஆளை மாற்றி வரைந்துவிட்டாள்!

இருபத்திரண்டு வயதுவரைக்கும் நான் ஒட்டிக்கிடந்தது உங்கள் தோளில் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீலத்தை அழிக்க மாட்டேன். அது இருக்க வேண்டியவளிடம் இருக்கட்டும். படத்தைத் திருத்தப் போகிறேன். உம்மா முன்னால், தலையில் மூட்டையோடு. பின்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நீலச் சட்டை, தோளில் நான். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் படத்தையே கொடுக்க மாட்டேன். சிவகாமிப்பிள்ளை டீச்சரிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

சம்மதமென்றால் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு உம்மா என்ன உடுத்திருந்தார்? உம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அஸாம் நானாவின் மனைவி ஸல்ஹா அடுத்த வாரம் அங்கே வருகிறா, கடிதத்தை அவவிடம் தருகிறேன். பதிலை உடனே அனுப்புங்கள்.

உங்கள் சுமை,
ஜுமானா


டோஹா
20.08.2024

அன்பின் ஜுமானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மூவரும் நலம். ஸல்ஹா கொண்டுவந்த எள்ளுருண்டையை இன்ஷிரா தரை முழுக்கத் தடவிவிட்டாள்.

சம்மதம்.

காவி நிறத்துக்கும் மாம்பழ நிறத்துக்கும் இடைப்பட்ட சாறி. பச்சைக் கரை. இடது பக்கக் கரை ஒரு சாண் அளவுக்குக் கிழிந்து, சேற்றில் இழுபட்டுக்கொண்டு போனது. முக்காடு மூட்டைக்கு அடியில் மாட்டிக் கழுத்து தெரிந்தது. வலது கையால் மூட்டையைப் பிடித்திருந்தார், இடது கை சும்மா தொங்கியது. அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். செருப்பில்லை. எனக்குச் செருப்பு இருந்தது, வார் அறுந்து டப் டப் என்று அடிக்கும்.

எனக்கு அதிகம் ஞாபகமில்லை என்று முதலில் எழுதினேன் இல்லையா? முழு வழியும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தவளுக்கு எப்படி மறக்கும்?

கிளிவெட்டி தாண்டிய பிறகு உம்மா மெதுவாகத்தான் நடந்தார். களைத்துவிட்டார் போலும். இரண்டு பேருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் இடைவெளி விடாதே. அவ்வளவுதான் இருந்தது.

றஹ்மா


தோப்பூர்
17.09.2024

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

திருத்திய படத்தை ஆகஸ்ட் கடைசியில் உம்மாவுக்குக் காட்டினேன். கூப்பிடவில்லை, அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். "அவ சொன்னாளா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "எல்லாம் சொன்னாளா?" "ஓம் உம்மா." படத்தில் சாறிக் கரையை விரலால் காட்டி, "கரை கிழிஞ்சது இந்தப் பக்கம்தான்" என்றார். பிறகு அழுதார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிச் சத்தம் போட்டு அழுததை நான் கேட்டதில்லை. அழுது முடித்துவிட்டு, "எத்தனை மணிக்கு விழா?" என்றார்.

சனிக்கிழமை படத்தைப் பெட்சீற்றில் சுற்றி, மூதூரில் இருந்து லோஞ்ச் படகில் போனோம். கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போகலாம் என்றால், பஸ்ஸில் இடிபட்டுப் படம் கிழிந்துவிடும் என்று உம்மா விடவில்லை. துறைமுகம் வரும்வரை சட்டத்தைக் கையால் பிடித்தபடியே இருந்தார். மண்டபத்தில் நல்ல சனம். எங்கள் முறை வந்ததும் உம்மா போய்ச் சீலையை இழுத்தார். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சனம் கைதட்டியது, உம்மா தட்டவில்லை.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு மனிசி படத்தைக் கிட்டப் பார்த்துவிட்டு உம்மாவிடம் கேட்டா: "அருமையான படம். முன்னால போற தாய் நீங்கள்தானே?"

உம்மா அந்த நீலச் சட்டைப் பிள்ளையைக் கையால் காட்டினார். "முன்னால போறது நெல்லுத் தூக்கின பொம்பிள. தாய் பின்னால வாறா. அவ என்ர மூத்த மகள். பேர் றஹ்மா. டோஹாவில இருக்கிறா."

அந்த மனிசிக்கு என்ன விளங்கியதோ தெரியாது. சிவகாமிப்பிள்ளை டீச்சர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மண்டபத்துக்கு வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்று ஆசைதீர அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா என்னிடம் ஒரு கொப்பித்தாளும் பேனையும் கேட்டார். நான் எழுதித் தரட்டுமா என்றதற்கு, "இது நான் எழுத வேண்டியது" என்றார். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து, மூன்று நாள் எடுத்தது. ஒட்டித்தான் தந்தார், நான் வாசிக்கவில்லை. இத்தோடு வைத்திருக்கிறேன்.

ஜுமானா


என்ர மகள் றஹ்மாவுக்கு உம்மா எழுதுறது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா? புள்ள சுகமா? மருமகன் சுகமா? நான் இருக்கிறன். எழுத்துப் பிழை பார்க்காத.

நீ பிடிங்க எண்டு கேட்டது எனக்குக் கேட்டது. ரெண்டு தரமும் கேட்டது. கேக்காத மாதிரிப் போனன். திரும்பினா உன்ர முகத்தப் பார்த்திருப்பன். பார்த்தா மூட்டையப் போட்டிருப்பன். அதால திரும்பல்ல. இதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல்ல மகள். இப்ப கேக்கிறன்.

நீ வாறியா எண்டு உன்ர செருப்புச் சத்தத்தக் கேட்டுக்கொண்டுதான் நடந்தனான். சத்தம் தூரப் போனா மெள்ளமா நடந்தன். கிட்ட வந்தா நடையக் கூட்டினன். கந்தளாய் வரைக்கும் அப்படித்தான். இண்டைக்கும் ஆராவது அறுந்த செருப்போட போனா எனக்கு நெஞ்சு இடிக்கும்.

உன்ர சட்டை சின்னனாப் போனதும் நான் ஆருக்கும் குடுக்கல்ல. கீலம் கீலமாக் கிழிச்சு வச்சன். ஒவ்வொரு வருசமும் விதநெல்லு மூட்ட வாய அதாலதான் கட்டுறன். ஒவ்வொரு வருசமும் விதைக்க முன்னம் அந்த முடிச்ச அவுக்கக்குள்ள உன்னட்ட மாப்புக் கேட்டுத்தான் அவுக்கிறன். உனக்கு அது தெரியாதுதானே.

இந்த வருச மூட்டையும் கட்டி வச்சிருக்கு. இன்னும் அவுக்கல்ல. புதுப் பாயும் இருக்கு.

உம்மா
சனூஸா


டோஹா
04.10.2024

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்கள் மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். சஜீத் வேலையால் வந்து, "ஏன் சமைக்கல்ல?" என்று கேட்டார். தாளை நீட்டினேன். வாசித்துவிட்டு அவரே சோறு ஆக்கினார்.

நீங்கள் களைத்துப்போய் மெதுவாக நடக்கிறீர்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன், உம்மா. எனக்காக நடந்தீர்கள் என்று தெரியாது. நானும் மாப்புக் கேட்க வேண்டும். பிடிவாதத்தில் உங்கள் பேத்தியை உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் பெற்றேன். வேண்டாம் என்று சொன்ன வயலைத் திருப்பிக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். புளியடி வட்டையை எனக்கும் தங்கச்சிக்குமாகத் தாருங்கள். இந்தப் போகம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து விதைப்போம். மூட்டையை நான் வரும்வரை அவிழ்க்காதீர்கள். முடிச்சை நான் அவிழ்க்கிறேன்.

ஒக்டோபர் 26, சனிக்கிழமை காலையில் கட்டுநாயக்காவுக்கு வருகிறோம். எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். நீங்கள் வீட்டில் காத்துக்கொண்டிருக்க வேண்டாம், ஜுமானாவோடு விமான நிலையத்துக்கே வாருங்கள். வாசலால் வெளியே வரும்போது எனக்கு முன்னால் நில்லுங்கள், என் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். இன்ஷிரா இப்போது நல்ல பாரம், அதே இடது தோளில்தான் தூங்குவாள்.

கை உளையுது உம்மா. கொஞ்சம் பிடிங்க.

உங்கள் மூத்த மகள்,
றஹ்மா